இலங்கை மாதிரி அதிபர் ஆட்சி உள்ள நாட்டில் பிரதமருக்கு என்ன வேலை?

கோத்தகிரி ஞாயிறு வகுப்பு

வணக்கம். குரூப் 1, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அடுத்த ஞாயிறு "அதிபர் ஆட்சி, நாடாளுமன்ற ஆட்சி" பாடம் எடுக்க வேண்டும். அமெரிக்காவையும் பிரிட்டனையும் சொல்லி முடிப்பது சுலபம். ஜனாதிபதி, பிரதமர் இருவருமே இருந்து, ஜனாதிபதி கை ஓங்கியிருக்கிற நாடுகளில்தான் தடுக்குகிறது.

வகுப்பில் பாதிப் பேர் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புப் பிள்ளைகள். நுவரெலியா, பதுளை, ஹட்டன் பக்கமிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். முதல் கேள்வியே "இலங்கையில் எல்லாம் ஜனாதிபதிதானே, பிறகு பிரதமர் எதற்கு?" என்றுதான் வரும். "பெரிய துரை, சின்ன துரை மாதிரி" (தோட்ட மேலாளர், உதவி மேலாளர்) என்று ஓர் உவமை குறித்து வைத்திருக்கிறேன். அது நிற்குமா? யார் வைப்பது, யார் எடுப்பது, ஜனாதிபதி திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும், இவற்றுக்கு நடந்த உதாரணம் வேண்டும். வரையறை வேண்டாம், அது கைடிலேயே இருக்கிறது.

பந்தலூர் மழைமானி

உவமை பாதி தூரம்தான் வரும். சின்ன துரையை வைப்பதும் எடுப்பதும் மேலே இருப்பவர்கள். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நிற்கிற ஆட்கள் கை தூக்கி அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பிரதமரை நாடாளுமன்றம் அனுப்பலாம். வைத்தவருக்கும் பதில் சொல்ல வேண்டும், சபைக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த இரட்டைக் கடமைதான் இந்தப் பதவி.

பிள்ளைகளிடம் ஒன்றைப் பழக்குங்கள்: அரசியலமைப்பைத் திறந்ததும் நியமனப் பிரிவைப் படிக்காதீர்கள், நீக்கப் பிரிவைப் படியுங்கள். நியமனப் பிரிவு பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது; இலங்கையில் சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று ஜனாதிபதி கருதுகிறவர் பிரதமர். பெரிய வித்தியாசம் நீக்கத்தில் இருக்கிறது. அதற்கடுத்து, அமைச்சரவைக்கு யார் தலைவர், இலாகாவைப் பிரிப்பது யார் என்று பாருங்கள்.

உங்கள் வகுப்புக்கு சிறிமாவோ பண்டாரநாயக்கவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தப் பெயர் ஏற்கெனவே வீட்டில் புழங்குகிற பெயர். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டார்: இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்போது அரச தலைவர் பிரிட்டன் ராணி. அவர் சார்பில் மகா தேசாதிபதி (கவர்னர் ஜெனரல்). முடிவெடுக்கும் அதிகாரம் பிரதமரிடம். வெளிவிவகாரமும் பாதுகாப்பும் அவரிடமே இருந்தன. லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டவர் என்று ஒரு பிரதமர் கையெழுத்தில் தீர்மானமானது.

1974ல் அந்த மிச்சத்தை இந்திரா காந்தியோடு பாதிக்குப் பாதி, 75,000 வீதம், பிரித்தார். இதற்கிடையில் 1972ல் இலங்கை குடியரசாகிவிட்டது, ஜனாதிபதி என்று ஒருவர் இருந்தார்: வில்லியம் கோபல்லாவ. பெயருக்கு. அதிகாரம் அப்போதும் பிரதமரிடம்தான்.

1978 செப்டம்பர் 7 முதல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசியலமைப்பு. ஜனாதிபதியே அரச தலைவர், அரசாங்கத் தலைவர், முப்படைத் தளபதி, அமைச்சரவைக்கும் தலைவர். இலாகாக்களைத் தானே வைத்துக்கொள்ளலாம், பிரிக்கலாம், திரும்ப எடுக்கலாம். எழுத்து மூலம் பிரதமரை நீக்கலாம். 1994 நவம்பரில் சிறிமாவோ மூன்றாவது தடவையாகப் பிரதமராகி 2000 ஆகஸ்ட் வரை இருந்தார். ஜனாதிபதி அவருடைய மகள் சந்திரிகா. அதே ஆள், அதே பதவிப் பெயர். ஆனால் 1964ல் செய்த மாதிரி ஒரு கையெழுத்தை அந்த ஆறு வருடத்தில் அவரால் போட்டிருக்க முடியாது. 1964, 1974, 1994 என்று பலகையில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் "மேலே யார், எடுப்பது யார்" என்று நிரப்பச் சொல்லுங்கள். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

அதிபர் ஆட்சியில் பிரதமருக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். பிரேமதாச 1978 முதல் 1989 தொடக்கம் வரை பிரதமர். அவர் கையில் உள்ளூராட்சியும் வீடமைப்பும் இருந்ததால் வேலையும் இருந்தது, பெயரும் கிடைத்தது. அதாவது பிரதமர் நாற்காலியில் எதுவும் இல்லை, கூடவே கொடுக்கிற இலாகாவில்தான் இருக்கிறது. இலாகா இல்லாத பிரதமருக்கு ரிப்பன் வெட்டுகிற வேலைதான்.

ஜே.ஆர். காலத்தில் சபைப் பக்கக் கடிவாளமும் சேர்ந்தே அறுந்துபோனது. 1977 தேர்தலில் 168க்கு 140 இடம். போதாததற்குத் தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்திருந்தார். அப்படிப்பட்ட சபை யாரைக் கவிழ்க்கும்?

குன்னூர் 643

மழைமானி சார் சொன்னதோடு இதையும் சேர்க்கணும். எழுத்து மாறாமலே அதிகாரம் இடம் மாறும். சபையில் பெரும்பான்மை எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது அது.

இலங்கையில் 2001 டிசம்பரில் ரணில் விக்கிரமசிங்கவின் கட்சி ஜெயித்தது, ஜனாதிபதி எதிர்க்கட்சியான சந்திரிகா. அரசியலமைப்பில் ஒரு வரி மாறவில்லை. ஆனால் 2002 பிப்ரவரியில் புலிகளோடு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் அரசு சார்பாகக் கையெழுத்துப் போட்டது பிரதமர் ரணில். சபை அவர் பின்னால் நின்றது. எதுவரைக்கும்? 2003 நவம்பரில் அவர் வாஷிங்டனில் இருந்தபோது சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூன்றையும் தன் கைக்கு எடுத்தார். 2004 பிப்ரவரியில் சபையையே கலைத்தார். பிரதமரின் பெரும்பான்மையைவிட ஜனாதிபதியின் கலைக்கும் அதிகாரம் பெரிது என்றால் கடைசி ஆட்டம் ஜனாதிபதிக்குத்தான்.

பிரான்ஸ் இதற்கு நேர் ஜோடி. 1958 அரசியலமைப்பின் 20, 21ஆம் பிரிவுகளைப் படித்தால் கொள்கையைத் தீர்மானிப்பது அரசாங்கம், அதை நடத்துவது பிரதமர். 8ஆம் பிரிவின்படி ஜனாதிபதி பிரதமரை நியமிப்பார். பிரதமர் ராஜினாமாவைக் கொடுத்தால் ஏற்பார். நீக்கலாம் என்று எங்கும் இல்லை. காகிதத்தில் பிரதமர் பலசாலி.

நடப்பில்? பிரதமர் ஷபான் தெல்மா 1972 மே மாதம் சபையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜூலையில் ஜனாதிபதி பொம்பிதூ போகச் சொன்னார், போய்விட்டார். பெரும்பான்மை எம்.பி.க்கள் ஜனாதிபதியின் ஆட்களாக இருந்தால் நீக்கப் பிரிவே தேவையில்லை. "கடிதம் கொடுங்கள்" என்றால் போதும். சபை எதிர்க்கட்சி வசம் போனால் அதே 8ஆம் பிரிவு பிரதமருக்குக் கவசம். ஜனாதிபதி மித்தரான் கீழ் பிரதமர் சிராக் (1986–88), மித்தரான் கீழ் பலாதூர் (1993–95), சிராக் கீழ் ஜோஸ்பன் (1997–2002) என்று மூன்று தடவை அப்படி நடந்தது. உள்நாட்டு விவகாரம் பிரதமரிடம், வெளிவிவகாரத்திலும் ராணுவத்திலும் ஜனாதிபதி விட்டுக்கொடுக்கவில்லை. ஜனாதிபதி பதவிக்காலம் 7 வருடம், சபைக்கு 5 வருடம் என்று இருந்ததால்தான் இந்தக் கோளாறு என்று 2000ல் வாக்கெடுப்பு நடத்தி 5 ஆக்கினார்கள். 2002லிருந்து இரண்டு தேர்தலும் அடுத்தடுத்து வர, பிரதமர் மறுபடியும் சுருங்கினார். 2024 ஜூன் 9 அன்று மக்ரோன் சபையைக் கலைத்ததில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த வருடம் டிசம்பர் 4 அன்று 331 வாக்கில் பிரதமர் பார்னியே அரசு விழுந்தது. தேவை 288. கவிழ்ந்தது பிரதமர், ஜனாதிபதி அங்கேயேதான் இருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

வகுப்பில் நேரம் இருந்தால் 49ஆம் பிரிவு 3ஆம் உட்பிரிவும் சொல்லுங்க. பிரதமர் ஒரு மசோதாவோடு தன் அரசையே பணயம் வைப்பார். அடுத்த 24 மணி நேரத்துக்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரவில்லை என்றாலோ, வந்து தோற்றாலோ, வாக்கெடுப்பு இல்லாமலே மசோதா நிறைவேறிவிடும். 2008க்குப் பிறகு பட்ஜெட், சமூகப் பாதுகாப்பு நிதி இவற்றைத் தவிர ஒரு கூட்டத் தொடருக்கு ஒரு மசோதாவுக்கு மட்டும்தான். ஆயுதம் பிரதமருடையது, ஆதாயம் பெரும்பாலும் ஜனாதிபதிக்கு.

கோத்தகிரி ஞாயிறு வகுப்பு

நன்றி. மூன்று கட்டம் போடுகிற யோசனையை எடுத்துக்கொண்டேன். 2018ல் கொழும்பில் ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர் இருந்தார்களே, அது எந்தப் பிரிவில் வந்த சிக்கல்? அதையும் 2022ஐயும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

பந்தலூர் மழைமானி

நீக்கப் பிரிவிலேயேதான். 2015 மே மாதம் வந்த 19ஆம் திருத்தம், பிரதமரை ஜனாதிபதி எழுத்து மூலம் நீக்கலாம் என்ற வாசகத்தை எடுத்துவிட்டது. பிரதமர் தானாக ராஜினாமா செய்தாலோ, எம்.பி. பதவி போனாலோ, சபை அரசைத் தோற்கடித்தாலோதான் இடம் காலியாகும். கூடவே சபையின் முதல் நாலரை வருடத்துக்குள் கலைக்க வேண்டுமானால் சபையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் கேட்க வேண்டும்.

2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கியதாகச் சொல்லி மகிந்த ராஜபக்சவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். நியமிக்கிற அதிகாரத்துக்குள் நீக்குகிற அதிகாரமும் அடங்கும் என்பது அந்தப் பக்கத்து வாதம். 225 பேர் சபையில் மகிந்தவுக்குப் பெரும்பான்மைக்கான 113 சேரவில்லை. நவம்பர் 9 அன்று சிறிசேன சபையைக் கலைத்தார். அதன்பின் வந்த அடிகளை வரிசையாகச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் வேறு திசையிலிருந்து வருகிறது. கலைப்புக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கூடிய சபை நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. நவம்பர் 29 அன்று பிரதமர் அலுவலகச் செலவுக்குப் பணம் விடக்கூடாது என்று 123க்கு 0 என நிறைவேற்றியது. 122 எம்.பி.க்கள் போட்ட மனுவில், எந்த அதிகாரத்தில் பதவியில் இருக்கிறீர்கள் என்று கேட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், டிசம்பர் 3 அன்று மகிந்தவும் அமைச்சர்களும் செயல்படத் தடை விதித்தது. டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். 16ஆம் தேதி ரணில் மீண்டும் பதவியேற்றார்.

இதில் பிள்ளைகள் தவறவிடுவது ஒன்று: நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு கலைப்பைப் பற்றியது. கலைப்புக்குப் பொதுவான அதிகாரம் ஒரு பிரிவில், நாலரை வருட வரம்பு இன்னொரு பிரிவில். குறிப்பாகச் சொன்ன வரம்பு பொது அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் தீர்ப்பின் எலும்பு. விடைத்தாளில் "பிரதமரை நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது" என்று எழுதினால் தேதியும் போச்சு, காரணமும் போச்சு.

இன்னொரு எச்சரிக்கை. 2020 அக்டோபரின் 20ஆம் திருத்தம், நீக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கே திருப்பிக் கொடுத்தது. கலைப்பு வரம்பை இரண்டரை வருடமாக்கியது. 2022ல் 21ஆம் திருத்தம் வந்தது. ஏழே வருடத்தில் மூன்று தடவை கைவைத்திருக்கிறார்கள். எந்த வருடத்துப் பிரதி என்று அட்டையைப் பார்க்காமல் ஒரு பிரிவையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கு

2022ஐ நான் சொல்கிறேன், அதில் இரண்டு பிரிவைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 37ஆம் பிரிவு: ஜனாதிபதி இருக்கிறார், ஆனால் வெளிநாடு அல்லது உடல்நலமின்மை, தன் வேலையைப் பார்க்கச் சொல்லிப் பிரதமரை நியமிக்கலாம். 40ஆம் பிரிவு: ஜனாதிபதி பதவியே காலி, யாரும் நியமிக்காமலே பிரதமர் பதில் ஜனாதிபதி (தற்காலிக ஜனாதிபதி), சபை ஒரு மாதத்துக்குள் ரகசிய வாக்கெடுப்பில் தன் உறுப்பினர் ஒருவரை மிச்ச காலத்துக்குத் தேர்ந்தெடுக்கும். ஜூலை 13 அன்று ஜனாதிபதி கோத்தபய மாலத்தீவு போனபோது பிரதமர் ரணில் வந்தது 37இன் கீழ். ராஜினாமா ஏற்கப்பட்டபின் 15ஆம் தேதி எடுத்த பிரமாணம் 40இன் கீழ். ஜூலை 20 வாக்கெடுப்பில் ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அனுர 3. ரணிலுடைய கட்சிக்குச் சபையில் இருந்தது அவர் ஒருவர்தான், அதுவும் தேசியப் பட்டியலில். மே 12 அன்று பிரதமராகாமல் இருந்திருந்தால் அந்த வரிசையிலேயே நின்றிருக்க மாட்டார்.

அதே ஜூலையில் கட்சித் தலைவர்கள் "ஜனாதிபதியும் பிரதமரும் இருவருமே விலகுங்கள்" என்று கேட்டார்களே, ஏன் இருவரும்? 40ஆம் பிரிவிலேயே இருக்கிறது: பிரதமர் இடமும் காலி என்றால் சபாநாயகர் பதில் ஜனாதிபதி. பிரதமர் விலகாததால் அந்தக் கதவு திறக்கவில்லை. 1993 மே 1 அன்று, அப்போது ஜனாதிபதியாக இருந்த பிரேமதாச கொல்லப்பட்டபோது பிரதமர் டி.பி. விஜேதுங்க உடனே பொறுப்பேற்று, சில நாளில் சபையால் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இதே வழியில். சும்மா இருக்கிற பிரதமர் என்று நினைத்து ஆளை வைக்கும்போதே, அடுத்த ஜனாதிபதியையும் வைக்கிறோம் என்பதை ஜனாதிபதிகள் மறப்பதில்லை. அதனால்தான் பிரதமர் பதவிக்கு வயதானவர்கள், தனக்கென்று அணி இல்லாதவர்கள் அடிக்கடி வருகிறார்கள். இது என் கணிப்பு.

மற்ற நாடுகள்: ரஷ்யாவில் 1999 டிசம்பர் 31 அன்று எல்ட்சின் விலக, பிரதமராக இருந்த புடின் பதில் அதிபர். மூன்று மாதத்துக்குள் தேர்தல். 2000 மார்ச் 26 அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜெயித்தார். பதில் அதிபர் கீழவையைக் கலைக்கக் கூடாது, அரசியலமைப்புத் திருத்தம் முன்மொழியக் கூடாது என்று அங்கே தடை உண்டு. தென் கொரியா இன்னும் சுவாரசியம். 2024 டிசம்பர் 14 அன்று சபை அதிபர் யூன் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு நிறைவேற்றியதும் பிரதமர் ஹான் டக்சூ பதில் அதிபர். டிசம்பர் 27 அன்று அவர் மீதும் 192 வாக்கில் நிறைவேற்றினார்கள், நிதியமைச்சர் பதிலுக்குப் பதில் ஆனார். சண்டை எண்ணிக்கையில்: 300 பேர் சபையில் பிரதமர் என்றால் 151 போதும், அதிபர் என்றால் 200 வேண்டும். பதில் அதிபருக்கு எது? அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் 151 போதும் என்றது, ஆனால் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்து ஹானைத் திரும்ப உட்காரவைத்தது. பதில் அதிபர் நாற்காலியில் இருந்தாலும் ஆள் பிரதமர்தான் என்று அர்த்தம்.

கூடலூர் எல்லைக்கல்

இவ்வளவு வம்புக்குப் பிரதமர் பதவியையே எடுத்துவிட்டால் என்ன? துருக்கியில் எடுத்துவிட்டார்களே.

குன்னூர் 643

எடுத்தார்கள். 2017 ஏப்ரல் 16 வாக்கெடுப்பு, 2018ல் நடைமுறை, கடைசிப் பிரதமர் பினாலி யில்திரிம். கூடவே சபை இழந்ததைப் பாருங்க: அமைச்சர்கள் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் போய்விட்டது, எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம். முன்கூட்டியே தேர்தல் வைக்க 600க்கு 360 வேண்டும். சபை கவிழ்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். பிரதமர் இல்லையென்றால் கவிழ்க்க அதிபர்தான் மிச்சம், அவரை அசைப்பது சுலபமில்லை.

செனகலில் வேறு வேடிக்கை. 1962 டிசம்பரில் பிரதமர் மமாது தியாவும் அதிபர் செங்கோரும் மோத, தியா சிறைக்குப் போனார், பதவியும் போனது. 1970ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1983ல் எடுத்தார்கள், 1991ல் கொண்டுவந்தார்கள், 2019ல் மறுபடி எடுத்தார்கள், அதன்பிறகும் கொண்டுவந்தார்கள். அதிபருக்கு எல்லாப் புகாரும் நேராகத் தன் மேசைக்கே வரும்போது ஒரு இடிதாங்கி தேவைப்படுகிறது. இடிதாங்கி தன்னைவிட உயரமாக வளர்ந்தால் எடுத்துவிடுகிறார்.

கேத்திப் பள்ளத்தாக்கு

இந்தியத் தேர்வு எழுதுகிறவர்கள் விழுகிற பள்ளம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் 75ஆம் பிரிவிலும் பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமைச்சர்கள் குடியரசுத் தலைவர் விரும்பும் வரை பதவி வகிப்பர். அதை மட்டும் படித்தால் 1978 இலங்கை மாதிரியே தெரியும். பக்கத்திலேயே 74(1) இருக்கிறது: அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். 1976ல் 42ஆம் திருத்தம் அதை எழுத்தில் கட்டாயமாக்கியது, 44ஆம் திருத்தம் ஒரே ஒரு முறை திருப்பி அனுப்ப இடம் கொடுத்தது. "விரும்பும் வரை" என்பதற்கு இங்கே பிரதமர் விரும்பும் வரை என்றுதான் பொருள். நீக்கப் பிரிவைப் படி என்று மழைமானி சொன்னார். ஆலோசனைப் பிரிவையும் ஒட்டவைத்துப் படிக்கணும்.

கோத்தகிரி ஞாயிறு வகுப்பு

சிறிமாவோ மூன்று கட்டம், பிறகு 2018, பிறகு 37ஆம் 40ஆம் பிரிவு, கடைசியில் 74, 75 என்று வரிசை போட்டுவிட்டேன். பிரான்ஸ் நேரம் இருந்தால். சின்ன துரை உவமையைத் தொடக்கத்தில் வைத்து, எங்கே உடைகிறது என்று அவர்களையே சொல்லவைக்கிறேன்.

பந்தலூர் மழைமானி

இலங்கையின் 2024ஐயும் ஒரு வரியில் சேருங்கள். செப்டம்பர் 24 அன்று ஹரிணி அமரசூரிய பிரதமரானபோது அவர் கட்சிக்குச் சபையில் 3 இடம். அன்று இரவே சபை கலைக்கப்பட்டதால் எண்ணிப் பார்க்க ஆளில்லை. நவம்பர் தேர்தலுக்குப் பிறகு அதே கட்சிக்கு 159.

அப்புறம் சொல் விஷயம். நம் பத்திரிகைகளில் அமெரிக்க, ரஷ்யத் தலைவருக்கு "அதிபர்", நம்மவருக்குக் "குடியரசுத் தலைவர்". இலங்கைத் தமிழில் எல்லோரும் "ஜனாதிபதி". "அதிபர்" என்றால் பள்ளித் தலைமையாசிரியர். வகுப்பில் "இலங்கை அதிபர் பிரதமரை நீக்கினார்" என்று சொன்னால், வீட்டில் அந்தத் தமிழ் பேசுகிற பாட்டிகளுக்கு ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கண் முன்னால் வந்து நிற்பார்.